மாப்பிள்ளையின் டிராகனுக்குக் கத்தரி வைத்த கதை

மதிப்பும் பிரியமும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் தையல் மெஷினும் சுகமாக இருக்கிறோம். அங்கே உங்கள் சுகத்தையும் மகளின் சுகத்தையும் அறிய ஆசை. உங்கள் புத்தக அலமாரியின் சுகத்தை விசாரிக்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை. போன மாதம் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது அதிலிருந்த தடித்த புத்தகம் ஒன்று என் பைக்குள் வந்துவிட்டது. ரயிலில் தலைக்கு வைத்துக்கொள்ளத்தான் எடுத்தேன் என்றால் நம்புவீர்களா? நம்பிவிடுங்கள், மேற்கொண்டு சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.

தலைக்கு வைத்தேன், தூக்கம் வரவில்லை, திறந்தேன், அதோடு போயிற்று என் பிழைப்பு. நெருப்பைக் கக்க வாயைத் திறந்தாலே தும்மல் வந்துவிடுகிற டிராகன் ஒன்று, உயரம் என்றாலே தலைசுற்றுகிற சூனியக்காரி ஒருத்தி. அவள் துடைப்பத்தில் ஏறினால் முழங்கால் உயரத்துக்கு மேல் பறக்கமாட்டாள். இறக்கை இருந்தும் டிராகன் பக்கத்திலேயே நடந்து வரும், தனக்கும் நடக்கத்தான் பிடிக்கும் என்று அவளுக்காகப் பொய் சொல்லிக்கொண்டு. இந்த இரண்டும் சேர்ந்து ஒரு ராஜ்யத்தைக் காப்பாற்றப் புறப்படுகின்றனவாம்! மெஷினை மிதித்துக்கொண்டே படித்தேன், சிரித்துக்கொண்டே தைத்தேன், தலைமையாசிரியரின் பேண்ட்டில் இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து இஸ்திரியும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடை ஃப்ரிட்ஜ் மெக்கானிக், ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடுகிற என் சிநேகிதன், ஓடிவந்தான். அப்படி என்னதான் சிரிப்பு என்று புத்தகத்தைப் புரட்டினான், நின்றபடியே படித்தான், போகும்போது கையோடு கொண்டுபோய்விட்டான். நான் போய்ப் பிடுங்கினேன். அவன் வந்து பிடுங்கினான். கடைசியில் அவனே வழி சொன்னான்: "பாதியா பிரிச்சிடுடா. நீ முன்னாடி படி, நான் பின்னாடி படிக்கிறேன். முன்னாடி எப்பவும் அறிமுகம்தான், சரக்கெல்லாம் பின்னாடிதான்." தையல்காரனிடம் பாதி என்று சொன்னால் கை சும்மா இருக்குமா, மாப்பிள்ளை? அளவெடுத்தேன், சாக்பீஸால் கோடு போட்டேன், கத்தரியை வைத்தேன். வெட்டி முடித்த பிறகுதான் அது துணி இல்லை, உங்கள் புத்தகம் என்று உறைத்தது.

மறுநாள் மதியம் ஸ்பேனர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"டிராகன் செத்துப்போச்சுடா."

"அடப்பாவி, அதை ஏன்டா என்கிட்ட சொன்னே?"

"வேற யார்கிட்டடா சொல்வேன்?"

என் பாதியில் டிராகன் அப்போதுதான் முதல்முறையாகத் தும்மாமல் தீ கக்கி, அதில் சூனியக்காரிக்கு டீ போட்டுக் கொடுத்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் இனி என் கடைப்படி ஏறாதே என்று சொல்லிவிட்டேன். அவனும் ரோஷக்காரன், இரண்டு கடைக்கும் நடுவிலிருக்கும் கதவைச் சாத்திக்கொண்டு போனான். ஒரு வாரம் பேச்சே இல்லை. இத்தனை வருஷம் அவனோடு பங்கு போட்டுச் சாப்பிட்ட எனக்குத் தனியாகச் சாப்பிட்டால் தொண்டையில் இறங்கவில்லை. இல்லாத டிராகனுக்காக இருக்கிற சிநேகிதனைத் தொலைத்துவிட்டேனே என்று அழுகை வந்தது, மாப்பிள்ளை. உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அன்றைக்குப் பட்டன் வைக்க வந்த உங்கள் அத்தை என் மூஞ்சியைப் பார்த்தாள், சாத்திய கதவைப் பார்த்தாள், வாசல் வழியாகச் சுற்றி நேரே ஸ்பேனர் கடைக்குள் போய்விட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"எந்த எடத்துலண்ணே செத்துச்சு?"

"ஏரிக்குள்ள விழுந்துடுச்சு தங்கச்சி. அதுக்கு மேல என்னால படிக்க முடியல, மூடி வச்சிட்டேன்."

"மூடி வச்சிட்டீங்களா? கொண்டாங்க இப்படி!"

கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம் மட்டும். பிறகு, "ஏங்க! சூனியக்காரி மேல பறக்குறா! தலை சுத்தச் சுத்த மேகம் வரைக்கும் போயி, அங்கேருந்து ஏரிக்குள்ள பாயுறா!" எனக்கு ஊசி கையில் ஏறியதுகூடத் தெரியவில்லை. "இழுத்துட்டா! கரைக்கு இழுத்துட்டா! தும்மிடுச்சு! ஏங்க, தும்மிடுச்சுங்க!"

நடுக்கதவு திறந்தது. ஸ்பேனர் நின்றான்.

"அது சாகலடா."

"கேட்டுச்சு. தெருவுக்கே கேட்டுச்சு."

அவன் டப்பாவோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. யார் மன்னிப்புக் கேட்பது என்கிற பேச்சே வரவில்லை, இரண்டு பேருக்கும் அவ்வளவு பசி.

புத்தகத்தை ஜீன்ஸ் நூல் போட்டு இரட்டைத் தையலில் சேர்த்துவிட்டேன். நடுவில் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், படிக்கப் படிக்கத் தளர்ந்துவிடும். இத்துடன் பார்சலில் வருகிறது. இனி உங்கள் அலமாரி இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன். இது சத்தியம். மகளைக் கோபிக்க வேண்டாம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கையில் புத்தகமும் வாயில் சிரிப்புமாக இருவரும் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் மாமா.

பி.கு.: நீங்கள் வீடு முழுக்கத் தேடுவதாக மகள் சொன்ன இரண்டாம் பாகமும் அதே பையில்தான் வந்தது. நேற்று அதையும் வெட்டியாகிவிட்டது. இந்தமுறை மூன்று துண்டு. கடைசித் துண்டை உங்கள் அத்தையிடம் கொடுத்திருக்கிறோம். யார் செத்தாலும் நிறுத்தாமல் படிக்கிற தைரியம் எங்கள் மூன்று பேரில் அவளுக்குத்தான் இருக்கிறது.