கைராசி இல்லாத ஜெகதீசன்

செடியின் அடி இலை மறுபடியும் கழன்று விழுந்தது. ஜெகதீசன் அதை எடுத்து அழுத்திப் பார்த்தார். ஊறிய திராட்சை மாதிரி கொழகொழவென்று இருந்தது.

கட்டபெட்டில் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் அவர் கிளார்க். நாற்பதை நெருங்கியும் தனிக்கட்டை. போன மாதம் அரவேணுவில் பஸ்ஸுக்கு நின்றபோது மழை பிடித்துக்கொள்ள, பக்கத்து நர்சரியில் ஒதுங்கினார். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, சின்னத் தொட்டியில் இருந்த, தடித்த இலைகளுள்ள சக்குலன்ட் செடி ஒன்றை வாங்கினார். கொடுத்தவள் ரேணுகா. பெரியம்மா பாலாமணியோடு கடையை நடத்துகிறவள். அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. "தினமும் ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்க சார்" என்று அவள் சிரித்துச் சொன்னதை நினைத்தபடியே வந்தவர், இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டார்.

ஒருநாள்கூடத் தவறாமல் ஊற்றினார். அப்படியும் இலை உதிர்ந்தால் என்ன செய்வது? தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"ஏனுங்க, நல்லாத்தான் பாத்துக்கறேன். இப்பிடி ஆயிருச்சே?"

ரேணுகா இலையைத் தடவிப் பார்த்தாள். "தண்ணி பத்தலீங்க போல. சாயங்காலமும் ஒரு டம்ளர் ஊத்துங்க. அடுத்த வாரம் கொண்டாந்து காட்டுங்க."

"போன்ல போட்டோ அனுப்பட்டுங்களா?"

"போட்டோல என்னங்க தெரியும்? நேர்ல பாக்கோணும்." ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். "ஊட்ல ஆருங்க சமையல்?"

"நானேதானுங்க."

அவள் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். வெளியே மஞ்சு இறங்கி ரோடே மறைந்திருந்தது. பஸ் வராமலே போனால் தேவலை என்று ஜெகதீசனுக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் செடி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"வெளிச்சம் ஆகாதுங்க இதுக்கு. அலமாரிக்குள்ள வைங்க" என்றாள் ரேணுகா.

சட்டைகளைக் கட்டிலில் குவித்துவிட்டு அலமாரியில் செடிக்கு இடம் கொடுத்தார். செடி வெளுத்தது. சட்டைகளில் பூஞ்சை வாடை அடித்தது.

"உங்களுக்குக் கைராசி இல்லீங்க சார்" என்றார் ஃபேக்டரி டிரைவர் பழனியாண்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

அது ஜெகதீசனைத் தைத்தது. செடி ஒரு துளிர் விட்டதும் ரேணுகாவிடம், "என்னைக் கட்டிக்கறீங்களா?" என்று கேட்டுவிட நினைத்திருந்தார். சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் செடியிடமே அதைச் சொல்லிப் பழகியும் வைத்திருந்தார். ஒரு செடியைக் காப்பாற்றத் தெரியாதவன் எந்த முகத்தோடு போய்ப் பெண் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்தபோது தண்டும் அழுகி மடிந்து கிடந்தது. தொட்டியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு அரவேணுவுக்குப் போனார். ரேணுகா நாற்று வாங்கக் குன்னூர் போயிருந்தாள். பாலாமணி மட்டும் இருந்தார்.

"இதை அவங்ககிட்டக் குடுத்துருங்கம்மா. இனி நான் வரலைன்னு சொல்லிருங்க." ஜெகதீசன் தொட்டியை நீட்டினார். "அவங்க மேல தப்பில்லீங்க. சொன்னபடி ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தினேன், இருட்டுல வெச்சேன். எங்கிட்ட ஒண்ணும் பொழைக்காதுங்க."

பாலாமணி தொட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி சொல்றீங்க? வெயில்ல வைங்க, மாசத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல தண்ணி காட்டாதீங்கன்னு வர்றவங்க அத்தன பேருக்கும் படிச்சுப் படிச்சுச் சொல்றவளாச்சே! உங்களுக்கு மட்டும் ஏனுங்க இப்பிடிச் சொன்னா?"