பிளாஸ்திரியின் குட்டைத் துப்பாக்கி

உலகத்தில் எவருக்கும் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை என்பது பிளாஸ்திரியின் கட்சி. செருப்பு, ஹெல்மெட், மூக்குக் கண்ணாடி, மாப்பிள்ளை, எல்லாமே அளவு தப்பு. வணக்கம் சொன்னால் பதிலுக்கு நம் தோளைத்தான் பார்ப்பார். "சட்டை ரெண்டு இன்ச் எறங்கிக்கீது குரு" என்பார்.

ஜோகுபாளையத்தில் பல் செட் செய்து பிழைத்த மனிதர். ஞாயிறு காலையானால் ஏர்போர்ட் ரோட்டைத் தாண்டி இருக்கும் எங்கள் துப்பாக்கி கிளப்புக்கு வந்துவிடுவார். அங்கே இங்கிலீஷில் 'புல்' என்று கத்தினால் இயந்திரம் ஒரு களிமண் தட்டை வானத்தில் வீசும். அது தரையைத் தொடுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு. கொஞ்சம் காற்றாட இருக்கச் சொல்லி டாக்டர் துரத்தியதால் சேர்ந்தவன் நான். தட்டு இருந்த இடத்தைத் தவிர வானத்தில் மற்ற எல்லா இடங்களையும் சுட்டேன்.

கண்ணில்தான் கோளாறு என்று கண்ணாடிக் கடைக்குப் போக இருந்தவனை அவர்தான் தடுத்தார். "கண்ணு இன்னா பண்ணும் பாவம்? கன்னம் ஒக்காரவே இல்லியே."

என் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்று தானும் பார்த்து இன்னொருவரையும் பார்க்க வைத்தார். பிறகு என்னைக் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைக்கச் சொன்னார். கண்ணைத் திறந்தால் எதிரே நின்று என் முகத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறார். "உன் கண்ணே காணோம் குரு. கட்டைக்குப் பின்னால பூந்துக்கீது." பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே துணிப் பிளாஸ்திரி. துப்பாக்கியின் மரக்கட்டையில் கன்னம் படும் இடத்தில் மூன்று அடுக்கு ஒட்டினார். அன்றைக்கு நான் பதினாறு தட்டு உடைத்தேன். வீட்டில் யாரும் நம்பவில்லை.

"பல்லு செட்டும் இப்டித்தான். கடிக்கிறவன் வாயை மாத்திக்கக் கூடாது. செட்டுதான் மாறணும்" என்றார். இதைச் சொல்லாமல் அவர் யாரையும் விட்டதில்லை.

கிளப்பில் அவர் பிளாஸ்திரி படாத துப்பாக்கி இல்லை, பட்டப்பெயரே அப்படி வந்ததுதான். அதோடு நின்றாரா? செக்ரட்டரி காபிக்குப் போன நேரத்தில் அவருடைய நாற்காலிக் கால்களை அறுத்துவிட்டார். செக்ரட்டரி திரும்பி வந்து உட்கார்ந்தார். மேஜை அவர் தாடைக்கு வந்துவிட்டது.

"ஏன்ரீ இது, நான் எழுதணுமா, மேஜையை நக்கணுமா?"

"இப்பதான் சார் உங்க கால் தரையில படுது. ரெண்டு நாள்ல பழகிடும்."

இத்தனை பேருக்கு அளவு பார்த்தவரின் சொந்தத் துப்பாக்கி மட்டும் படு குட்டை. ஆறடி மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளையின் துப்பாக்கியைப் பிடுங்கி வந்தவர் மாதிரி நிற்பார். கட்டை குட்டையானால் கை முகத்துக்கு அருகில் வந்துவிடும். ஒவ்வொரு வெடிக்கும் அவர் கட்டைவிரலே அவர் மூக்கில் குத்தும். அதனால் அந்த மூக்கிலும் நிரந்தரமாக ஒரு பிளாஸ்திரி. பத்து தட்டுக்கு மேல் அவர் உடைத்து யாரும் பார்த்ததில்லை.

எங்கள் கிளப்பில் ஒரு விதி உண்டு. வருஷத்தில் ஒரு சுற்றிலாவது பதினைந்து உடைக்காதவருக்கு அடுத்த வருஷம் இடம் கிடையாது. அதுவரை எதையாவது சொல்லிச் சமாளித்துவந்த செக்ரட்டரி, போன வருஷம் கையை விரித்துவிட்டார். கமிட்டியில் கேள்வி கேட்கிறார்களாம். டிசம்பர் கடைசி ஞாயிறுதான் கெடு.

"கட்டையை நீட்டிக்கோங்க சார், ஒரு மணி நேர வேலை" என்று கெஞ்சினேன்.

"அது பாப்பா அளவு குரு. பாப்பா வந்தா எதை வச்சு சுடுவா?"

பாப்பா அவர் மகள். பதிமூன்று வயதில் இந்த கிளப்புக்கு வந்தவள். அவளுக்காகத்தான் தன் துப்பாக்கிக் கட்டையில் ஒரு துண்டை அறுத்து எடுத்திருக்கிறார். அதே வருஷம் அவள் அம்மாவுக்கு மெல்போர்னில் நர்ஸ் வேலை கிடைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இவர் பின்னால் போவதாக இருந்தது. ஏன் போகவில்லை என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஒவ்வொரு டிசம்பரும் வருவதாக பாப்பா சொல்வாள். ஒவ்வொரு டிசம்பரும் ஏதாவது ஒன்று குறுக்கே வரும்.

"அவ வர்றப்ப கழட்டிக்கலாமே சார்?"

"ஏர்போர்ட்லருந்து நேரா இங்கதான் வருவா. அப்ப நான் ஸ்க்ரூ தேடினு இருக்கணுமா?"

கடைசி ஞாயிறு அவர் சுற்றுக்கு அரை மணி முன்னால் ஒரு டாக்சி வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள். இறங்கினாள் என்பதைவிட எழுந்தாள் என்று சொல்ல வேண்டும், எழுந்துகொண்டே இருந்தாள். ஆறடிக்கு ஒரு விரல்தான் குறைச்சல். அப்பாவின் அதே தோள், அதே நீண்ட கழுத்து.

"டாடி" என்றாள்.

வாராவாரம் வீடியோ காலில் பேசியவர்கள்தான். ஆனால் அதில் முகம் மட்டும்தானே தெரியும்? ஊருக்கே அளவு எடுத்தவர் மகளைக் கால் முதல் தலை வரை இரண்டு தடவை கண்ணாலேயே அளந்தார். பிறகு துப்பாக்கியைத் திறந்து பார்த்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதைத் தோளில் வைத்தாள். கட்டைவிரல் மூக்கில் முட்டியது. சிரித்துவிட்டாள். "டாடி, எனக்கு அப்ப தர்ட்டீன்."

அவர் சிரிக்கவில்லை. தகர டப்பாவைத் திறந்து, பிளாஸ்திரிச் சுருளுக்கு அடியிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்தார். அன்றைக்கு அறுத்த அதே துண்டு. இரண்டு ஸ்க்ரூவும் அதோடு இருந்தன.

துண்டைப் பொருத்தி மறுபடி அவள் தோளில் வைத்தார். எதிரே போய் நின்று பார்த்தார். "கரெக்டா ஒக்காருது பாப்பா" என்றார்.

உறுப்பினர் அல்லாதவர் சுடக் கூடாது என்று செக்ரட்டரி தயங்கிக்கொண்டே சொன்னார். அதனால் அப்பாவே சுட்டார், பாப்பா பின்னால் நின்றாள். பதினெட்டு தட்டு. கிளப்பே கைதட்டியது. மூக்கில் ஒரு கீறல் இல்லை.

"இதைத்தானே சார் அன்னைக்கே சொன்னேன்" என்றேன்.

"நான் எனக்கா வச்சேன்? அவளுக்கு வச்சது" என்றார்.

அப்படிக் காப்பாற்றிய கிளப் இடத்தில் அவர் ஒரு சுற்றுகூடச் சுடவில்லை. பிப்ரவரியில் பாப்பாவோடு மெல்போர்ன் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவார். திரையில் அவர் முகம் மட்டும் தெரியும். இளைத்தாரா, பருத்தாரா, ஒன்றும் தெரிவதில்லை.

என் துப்பாக்கியில் அவர் ஒட்டிய பிளாஸ்திரி அமுங்கித் தேய்ந்து ஓரம் பிரிந்துவிட்டது. கன்னம் உட்கார மாட்டேன் என்கிறது. பதினாறிலிருந்து பதினொன்றுக்கு இறங்கிவிட்டேன். வேறு ஒட்டிக்கொள்ளச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். கையில் புதுச் சுருள்கூட இருக்கிறது.

ஏர்போர்ட்டிலிருந்து நேராக இங்கேதான் வருவார். வந்து அவரே ஒட்டட்டும்.