அப்பாவின் வேனுக்கு ஒரு பெல்ட்

அப்பாவின் வேனை யாரும் வாசலைவிட்டு நகர்த்தக் கூடாது என்று முடிவு செய்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவளிடம் சொல்லிவிட்டு எடுத்த எந்த முடிவும் எங்கள் வீட்டில் மதியம்வரை உயிரோடு இருந்ததில்லை.

மூட்டை ஏற்றி ஓட்டியே என்னைப் பட்டதாரியாக்கிய வேன் அது. அப்பா போனதிலிருந்து வாசலில் நிற்கிறது. எஞ்சினும் போய்விட்டது. வீட்டுக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொன்னார். பழைய இரும்புக்கடையில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் ஜீப்பில் கட்டி இழுக்க வந்துவிட்டார்.

நான் பாதுகாப்பு என்ற ஆயுதத்தைக் கையில் எடுத்தேன்.

"கயிறு அறுந்துடும். வண்டி எடையைப் போல மூணு மடங்கு தாங்கணும்."

"கயிறு இல்லை, ஆறு டன் இழுக்கிற பெல்ட் வாங்கியிருக்கேன். லேபிளைப் பாருங்க," என்றாள் மனைவி.

"ரப்பர் மாதிரி நீளுற பெல்ட்டா? அது சேத்துல மாட்டின வண்டியைப் பிடுங்கத்தான். ரோட்டுக்கு ஆகாது."

"தெரியும். இது நீளாதது."

தையலைத் தடவிப் பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிரியவில்லை. துரோகி பெல்ட்.

"பம்பர்ல மாட்டினா பம்பர் பிய்ஞ்சு வந்துடும்!"

"அடியில இருக்கிற கொக்கியிலதான் மாட்டியிருக்கேன் தம்பி," என்றார் அண்ணன். "பெல்ட் மேல சாக்கும் போட்டாச்சு. அறுந்தாலும் மூஞ்சிக்கு வராது."

கடைசி ஆயுதம்தான் பாக்கி. "பின்னாடி வண்டியில யார் உட்காருறது? எஞ்சின் ஓடலைன்னா ஸ்டியரிங், பிரேக் எல்லாம் கல்லு மாதிரி இருக்கும். பழகின கை வேணும். எனக்கு ஓட்டத் தெரியாது."

பொய்யில்லை. 'படிக்கிற பையன் இதைத் தொடாதே' என்று அப்பா என்னை ஒருநாளும் அந்த இருக்கையில் உட்கார விட்டதில்லை.

அவள் ஏறி உட்கார்ந்தாள். குனிந்து பார்க்காமலே கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். அந்த வண்டியின் கைப்பிரேக்கை இரண்டு தட்டு தட்டினால்தான் இறங்கும். தட்டினாள். இறங்கியது.

"உனக்கு எப்படி...?"

"மாமா சொல்லிக் குடுத்தார். நீங்க ஆபீஸ் போனப்புறம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"'அவனுக்குக் கத்துக் குடுக்காம விட்டுட்டேன்மா, உனக்குக் குடுத்தது தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவான்'னார்."

சுற்றிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னால் அண்ணன் கை காட்டினார். பெல்ட் மெல்ல விறைத்தது.

அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அழுறதா இருந்தா உங்க பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு அழுங்க. முன்கண்ணாடியில ஆவி படிஞ்சா எனக்கு வழி தெரியாது."