அடுத்த வீட்டுச் சுவரைத் தியாகம் செய்பவர்

தியாகிகளில் இரண்டு இனம் உண்டு. முதல் இனம் தன் பொருளைக் கொடுக்கும். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள், நமக்கும் சுவாரசியமாக ஒன்றும் தேறாது. இரண்டாவது இனம் அடுத்தவர் பொருளைக் கொடுக்கும். இவர்கள் பேசுவார்கள். முடிவெட்டும் கடையில் பேசுவார்கள், பெட்ரோல் போடுகிற இடத்தில் பேசுவார்கள், சர்ச் வாசலில் பாதிரியாரையே பேசவிடாமல் பேசுவார்கள். சட்டம் ஒழுங்குக்காக, ஊரின் பாதுகாப்புக்காக, இனிமேல் பிறக்கப் போகும் பேரப்பிள்ளைகளுக்காக எதையும் இழக்கத் தயார் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வார்கள். எதை, யாருடையதை என்று மட்டும் நீங்கள் கேட்கக் கூடாது.

ஒஹாயோவில் எங்கள் கெட்டில் ஃபோர்ட் ஊரில் இந்த இனத்தின் சிறந்த மாதிரி லோவெல் ஸ்ட்ரேயர். அறுவடை இயந்திரங்கள் விற்று ஓய்வு பெற்றவர். வரி செலுத்துவோர் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் அவரையும் சேர்த்து ஆறு பேர். அதில் ஒருவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார். வாசல் புல்தரையில் காவல்துறையை ஆதரிக்கும் பலகை ஒன்றை நட்டு, புல் வெட்டும்போதெல்லாம் அதைப் பிடுங்கித் துடைத்து மறுபடியும் நடுவார். நகரசபைக் கூட்டம் எதையும் தவறவிட்டதில்லை. தகராறு வராத சில்லறைச் செலவுகளையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, "எல்லாருக்கும் சம்மதமா? சம்மதம்" என்று சபை ஒரே மூச்சில் முடித்துவிடப் பார்க்குமே, அந்தப் பட்டியலை அவர் பதினான்கு வருடமாக ஒருமுறைகூடச் சும்மா விட்டதில்லை. எழுந்து நின்று, "பிரிச்சு வாசிங்க! ஒவ்வொண்ணா வாசிங்க! மக்கள் பணம்!" என்பார். கழிப்பறைக் காகிதம் வாங்கிய கணக்கைக்கூட ஊரே உட்கார்ந்து கேட்கும்.

இப்படிப்பட்டவருக்குத் தன் தியாக உணர்ச்சியைக் காட்ட ஒரு நல்ல சந்தர்ப்பம் வேண்டாமா? செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை வந்தது. திருட்டு வண்டியோடு ஓடிவந்த ஒருவன், பின்னால் போலீஸ் துரத்த, வண்டியைத் தெருமுனையில் போட்டுவிட்டு, லோவெலின் பக்கத்து வீட்டுக்குள் பின்கதவு வழியாகப் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். அது வெர்னா பிட்சரின் வீடு. அறுபத்தொரு வயது, தனிக்கட்டை. அந்த நேரத்தில் அந்த அம்மாள் தொடக்கப்பள்ளிச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி கிண்டிக்கொண்டிருந்தார்.

போலீஸ் முதலில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டது. வரவில்லை. ஜன்னல்கள் வழியே கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டது. வரவில்லை. அதே ஜன்னல் வழியே ஒரு ரோபோவை உள்ளே அனுப்பியது. அது மாடிப்படியில் சிக்கி விழுந்தது, அதை மீட்கப் போலீஸ் முன்கதவை உடைத்தது. கடைசியில் கவச வண்டியைக் கொண்டுவந்து முன்பக்கச் சுவரை அப்படியே பெயர்த்தெடுத்தது. ஒன்பது மணி நேரம் கழித்து, அந்த வீட்டில் உடையாமல் மிச்சமிருந்த ஒரே கதவான பின்கதவைத் திறந்துகொண்டு, கையைத் தூக்கியபடி அவன் வெளியே வந்தான். துப்பாக்கி இல்லை. வெர்னாவின் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வான்கோழி சாண்ட்விச்சில் பாதி இருந்தது.

ஒன்பது மணி நேரமும் லோவெல் என்ன செய்தார் என்கிறீர்கள்? மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர்களுக்குக் காப்பி கொடுத்தார். கவச வண்டி திரும்புவதற்குத் தன் வீட்டு வாசலைத் தாராளமாகத் திறந்துவிட்டார். ஆலோசனையும் கொடுத்தார்.

"தயங்காதீங்க தம்பி. சமையல்கட்டு ஜன்னல் இன்னும் முழுசா இருக்கு பாருங்க. அதுலயும் ஒண்ணு போடுங்க."

வெர்னா பள்ளிக்கூட ஏப்ரனோடு ஓடிவந்து மஞ்சள் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றபோது, தோளில் கைவைத்து முதலில் ஆறுதல் சொன்னவரும் லோவெல்தான்.

"கவலைப்படாத வெர்னா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதுதான் முக்கியம்."

"வீட்டுக்கு ஆயிடுச்சே லோவெல்."

"வீடு என்னம்மா, பொருள்தானே. பொருள் இன்னிக்கு வரும் நாளைக்குப் போகும்."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் வரவேற்பறைக் கூரையின் ஒரு பகுதி போயிற்று.

மறுநாள் லோவெல் வீட்டம்மாள், பீன்ஸையும் காளான் சூப்பையும் ஒன்றாகப் போட்டு ஓவன் அடுப்பில் வேகவைத்து, மேலே வறுத்த வெங்காயம் தூவி ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறையக் கொடுத்தனுப்பினார். எங்கள் ஊரில் சாவு, பிரசவம், அறுவை சிகிச்சை எல்லாவற்றுக்கும் இதுதான். பாத்திரத்தின் அடியில் காகித நாடா ஒட்டி 'ஸ்ட்ரேயர்' என்று எழுதியிருக்கும், திரும்பி வரவேண்டுமல்லவா? மூன்றாம் நாள் லோவெல் பாத்திரத்தைக் கேட்டு வந்தார்.

வெர்னா அப்போது பின்புறத்தில் தங்கை கொடுத்த, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற பழைய கூடார வண்டியில் குடியிருந்தார். "இன்னும் சாப்பிடல லோவெல். சூடு பண்ண அடுப்பு இல்ல. அடுப்பு அந்தா, ரோஜாச் செடிமேல கிடக்கு."

"அவசரம் இல்ல, அவசரம் இல்ல" என்ற லோவெல், பாத்திரம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டார். அப்புறம் இந்த இனத்தார் யாரும் கேட்காமல் விடாத மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டார். இன்சூரன்ஸ் இல்லையா? அந்தத் திருடனிடமிருந்து வாங்க முடியாதா? பின்கதவைப் பூட்டிவிட்டுத்தானே போனாய்?

இன்சூரன்ஸ் இருந்தது. இருபத்திரண்டு வருடம் கட்டியிருந்தார். தீ பிடித்தால் தருவோம், புயல் அடித்தால் தருவோம், மரம் விழுந்தால் தருவோம், அரசாங்கம் விழுந்தால் தரமாட்டோம், நகரசபையைக் கேளுங்கள் என்று எழுதிவிட்டார்கள். நகரசபை வக்கீல், காவல்துறை தன் கடமையைச் சட்டப்படி செய்திருக்கிறது, எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள், இன்சூரன்ஸைக் கேளுங்கள் என்று எழுதினார். இரண்டு கடிதமும் கடைசி வரியில் திருடனைக் கைகாட்டின. அவனுடைய மொத்தச் சொத்து ஒரு ஜோடி பூட்ஸ். அதுவும் இப்போது சிறை அலமாரியில் இருக்கிறது. வங்கி மட்டும் யாரையும் கைகாட்டவில்லை. சுவர் இல்லாத வீட்டுக்கும் மாதத் தவணையை முதல் தேதியன்று சரியாக எடுத்துக்கொண்டது.

இதற்கிடையில் நகரசபையின் கட்டட ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு தூணில் சிவப்புத் தாள் ஒட்டினார். 'இந்தக் கட்டடம் பாதுகாப்பற்ற நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. முப்பது நாளுக்குள் உரிமையாளர் செப்பனிடாவிட்டால் சபை இடித்து, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கும்.' யார் அந்த நிலையில் வைத்தார்கள் என்று எழுத அந்தத் தாளில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

வெர்னாவுக்கு வேறு வழி? தொண்ணூறாயிரம் டாலர் கேட்டு நகரசபைக்கு மனுப் போட்டார். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு நூற்றிருபது பேர் வந்துவிட்டார்கள். மேயர் ப்ரெண்ட் யோடருக்குக் கண்ணாடியைத் துடைத்து மாளவில்லை. பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். முதல் ஆளாக எழுந்தவர் யாரென்று சொல்ல வேண்டுமா?

"வெர்னா எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி" என்று ஆரம்பித்தார் லோவெல். இந்த இனத்தார் ஒருவரைத் தங்கச்சி என்றால் அந்தத் தங்கச்சி பணப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது நல்லது. "அவங்க வீட்டப் பாத்து நான் அழுதேன். ஆனா மேயரே, கொள்கைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு சுவர இடிக்கிறதுக்கு முன்னாடி போலீஸ்காரன் நின்னு செலவுக்கணக்குப் போடணுமா? இன்னிக்கு இவங்களுக்குக் குடுத்தா, நாளைக்கு எந்த போலீஸ்காரனுக்காவது ஒரு சுவர இடிக்கத் தைரியம் வருமா? பாதுகாப்புக்கு ஒரு விலை இருக்கு. அந்த விலையக் குடுக்க இந்த ஊர் தயங்காதுன்னு நான் நம்பறேன்!"

கைதட்டல். அந்த ஊரின் சார்பில் விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் மூன்றாவது வரிசையில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். அவர் கை தட்டவில்லை.

அடுத்து சில்லறைப் பட்டியல். சபைச் செயலாளர் ட்ரூடி கெம்ப் தாளைத் தூக்கி, "ஒண்ணுலேருந்து ஒன்பது வரைக்கும், மொத்தமா..." என்று ஆரம்பித்தார். பேசி முடித்த சூடு இன்னும் ஆறாத லோவெல், பதினான்கு வருடப் பழக்கம் காலைத் தூக்கிவிட, எழுந்தே விட்டார்.

"பிரிச்சு வாசிங்க ட்ரூடி! மக்கள் பணம்!"

ட்ரூடி அவரை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "நிச்சயமா வாசிக்கணுமா லோவெல்?"

"ஒவ்வொண்ணா!"

வாசித்தார். பனிக்காலத்துக்குச் சாலை உப்பு. நூலகக் கூரையில் ஒழுகல். தீயணைப்பு வண்டிக்கு டயர். "ஏழாவது. எல். ஸ்ட்ரேயர். அந்த வியாழக்கிழமை போலீஸ் கவச வண்டி திரும்பும்போது இடித்து நொறுக்கிய தபால் பெட்டி ஒன்று, வாய் பிளந்த மீன் வடிவம், கையால் வர்ணம் தீட்டியது. முந்நூற்று நாற்பது டாலர். சம்பவம் நடந்த அன்றே மனு. கொடுக்கலாம் என்று பரிந்துரை."

எங்கோ பின்வரிசையில் ஒருவர் மூக்கால் சிரிக்க, நூற்றிருபது பேரும் சேர்ந்து சிரித்தார்கள். மேயரே குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேடினார்.

வேறொருவனாக இருந்தால் கூனிக் குறுகியிருப்பான். இந்த இனம் அப்படிச் செய்யாது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? அது வேற, இது வேற" என்றார் லோவெல், சற்றும் முகம் சிவக்காமல். "என் பெட்டி தெரு ஓரத்துல சிவனேன்னு நின்னுச்சு. அதுக்குள்ள எந்தத் திருடனும் ஒளியல."

வெர்னா உட்கார்ந்தபடியே திரும்பினார். "என் வீடும் அவன ஒளிய வாடான்னு கூப்பிடல லோவெல். அது பாட்டுக்கு நின்னுச்சு. உன் மீனுக்கு முந்நூத்தி நாப்பது குடுக்கறவங்க, என் சுவருக்குக் குடுத்தா மட்டும் எப்படிப்பா போலீஸ்காரன் தைரியம் போயிடும்?"

சபை வெடித்துச் சிரித்தது. சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஏழாவது ஐட்டம் ஏகமனதாக நிறைவேறியது. அந்த நிமிடத்தில் அந்த மண்டபத்தில் வெர்னாவின் பக்கம் இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. வெர்னாவுக்கே கண் கலங்கிவிட்டது. கைப்பையைத் திறந்து கைக்குட்டை தேடினார்.

மேயருக்கும் மனம் இளகியது. "நம்ம வக்கீல், சட்டப்படி குடுக்க வேண்டியதில்லன்னு சொல்றார். ஆனா நாமளா குடுக்கலாம், யாரும் தடுக்க முடியாது. தொண்ணூறாயிரம். ஊர்ல நாலாயிரத்து ஐந்நூறு வீடு. வீட்டுக்கு இருபது டாலர், ஒரே ஒரு தடவ, வரியோட சேத்து. ஒரு பீட்சா விலை. உங்க மனசு தெரிஞ்சா சபைக்குத் தைரியமா இருக்கும். சம்மதம்ங்கறவங்க கையத் தூக்குங்க பாப்போம்."

இப்போது நீங்கள் அந்த மண்டபத்தைப் பார்த்திருக்க வேண்டும். எழுந்து நின்று கைதட்டியவர்கள் உட்கார்ந்தார்கள். ஒருவருக்கு அவசரமாக ஃபோனில் செய்தி வந்தது. ஒருவருக்குக் காலணிக் கயிறு அவிழ்ந்திருந்தது. "நான் வாடகை வீடுங்க, எனக்குச் சொல்ல உரிமை இல்ல" என்றார் ஒருவர், மிகுந்த நியாய உணர்வோடு. "இருபது டாலர் பெருசில்ல, கொள்கைதான்" என்றார் இன்னொருவர். "இன்சூரன்ஸ்காரன் என்ன பண்றான்?" என்றது ஒரு குரல். "பின்கதவு ஏன் தெறந்திருந்துச்சு?" என்றது ஒரு பெண் குரல். சற்று முன்பு மூக்கால் சிரித்தவர் கூரை விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

லோவெல் எண்ணினார். எண்ணுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. "ஒன்பது கை மேயரே" என்றார், மிக மரியாதையாக.

வெர்னா கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஆனால் எங்கள் ஊர் மக்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வெர்னாவுக்காகத் தீயணைப்பு நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பான்கேக் விருந்து வைத்து நிதி திரட்டலாமா என்று யாரோ கேட்டதும் நூற்றிருபது கையும் உயர்ந்தன. சிலர் இரண்டையும் தூக்கினார்கள். லோவெல் தானே அடுப்படியில் நிற்பதாக அறிவித்தார், நின்றார், ஏப்ரன் கட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்கப் பான்கேக் திருப்பினார். தட்டுக்கு எட்டு டாலர். மாவு, சிரப், காகிதத் தட்டுச் செலவெல்லாம் போக ஆயிரத்து நூறு டாலர் தேறியது. வாசலில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தவருக்கு வெர்னாவை அடையாளம் தெரியவில்லை. அந்த அம்மாளும் எட்டு டாலர் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

"சிரப் ஜாஸ்தியா ஊத்திக்க வெர்னா" என்றார் லோவெல். "உனக்காகத்தானே இவ்வளவும்."

ஆயிரத்து நூறு டாலருக்கு எங்கள் பக்கம் முன்வாசல் கதவு ஒன்று வரும், நல்ல கதவாகவே வரும். அதை மாட்டச் சுவர்தான் இல்லை. முப்பத்தோராம் நாள் காலை நகரசபையின் இயந்திரம் வந்து மிச்சத்தையும் இடித்துச் சமப்படுத்தியது. இடித்த கூலி பதினான்காயிரம் டாலர், வெர்னா பிட்சரிடம் வசூலிக்க வேண்டியது என்று அடுத்த செவ்வாய்க்கிழமைச் சில்லறைப் பட்டியலில் ஆறாவதாக இருந்தது. ட்ரூடி தாளைக் கையில் வைத்துக்கொண்டு லோவெலைப் பார்த்துச் சற்று நேரம் காத்திருந்தார். லோவெல் பாடம் படித்துவிட்டார், எழவில்லை. பட்டியல் ஒரே மூச்சில் நிறைவேறியது. வெர்னா தங்கையோடு இண்டியானாவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. வங்கித் தவணை அங்கேயும் தவறாமல் தொடர்கிறதாம்.

லோவெலைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள், சந்தோஷம். அந்த மண்டபத்தில் இருபது டாலருக்குக் கை தூக்காத நூற்றுச் சொச்சம் பேரும் உங்களைப் போலவே சிரித்தவர்கள்தான். உங்களுக்கு இளகிய மனம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெர்னா எட்டு டாலர் கொடுத்த இடத்தில் நீங்கள் உச்சுக் கொட்டியது இங்கே கேட்டது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. மேயர் வீட்டுக்கு இருபது டாலர் என்றாரே, அந்த இடத்தில் ஒரு நொடி நின்று, உங்கள் ஊர்ப் பணத்தில் அது எவ்வளவு என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்தீர்கள்தானே? பெருக்கிவிட்டு, "அடேயப்பா, அவ்வளவா?" என்றீர்களே, அது எந்தக் கொள்கையின்படி?