முடிஞ்சிது அண்ணனும் இரண்டு ஊர்ப் பத்தும்

உலகத்தில் நம்பிக்கை என்ற சரக்கு முழுக்கத் தீர்ந்துபோனாலும் பாதிக்கப்படாத ஒரே மனிதர், நான் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த பாசிக்குடா ஹோட்டலின் நெட்வேர்க்காரர்தான். அவரிடம் அது ஆரம்பத்திலிருந்தே கையிருப்பில் இல்லை. தொலைபேசியை எடுத்தால் "ஹலோ" சொல்ல மாட்டார். "முடிஞ்சிது" என்பார். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

பிரிண்டரில் தாள் தீர்ந்தாலும் அதே குரல், மின்னல் விழுந்து கமெராக்கள் எரிந்தாலும் அதே குரல். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "சரி, நடக்கிறது நடக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டு வந்தவர்.

எங்கள் முன்பதிவெல்லாம் நாவற்குடா அலுவலகத்தில் நடக்கும். அங்கே பதிந்தால் பாசிக்குடாவில் என் திரையில் தெரியும். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு பழைய ரவுட்டர். இரண்டும் தங்களுக்குள் வழி சொல்லிக்கொண்டது ஒரு பழைய முறையின் முதலாம் வேர்ஷனில். ஒருநாள் முதலாளி அனுப்பிய ஆட்கள் வந்து, இரண்டு இடத்துக் கணினிகளுக்கும் பத்தில் தொடங்கும் புது இலக்கங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதோடு என் திரைக்கு ஒரு முன்பதிவும் வரவில்லை.

வரவில்லை என்பது எனக்குத் தெரியாது. ஏழாம் அறை காலி என்று திரை சொன்னது. ஒரு புதுமணத் தம்பதிக்குத் திறப்பைக் கொடுத்தேன். சற்று நேரத்தில், அதே அறையை நாவற்குடாவில் பதிந்திருந்த ஓய்வுபெற்ற போதகரும் மனைவியும் பெட்டியோடு வந்து நின்றார்கள். போதகரே போய்க் கதவைத் தட்டினார். உள்ளிருந்து மாப்பிள்ளை, "தேத்தண்ணிய வெளியில வச்சிட்டுப் போங்க" என்றார்.

அந்த வார இறுதிக்கு ஒரு கல்யாணக் கூட்டம் ஹோட்டல் முழுவதையும் பதிந்திருந்தது. மேனேஜருக்கு வியர்த்தது. முடிஞ்சிது அண்ணன் வந்தார். ரவுட்டரைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு இடத்திலயும் மாஸ்க் வேற வேற."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "கொரோனா நேரத்துப் பெட்டி ஒண்டு ஸ்டோர்ல கிடக்கு தம்பி. எடுத்துத் தரட்டா?"

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"புள்ள, பத்து எண்டது ஒரு பெரிய வட்டை எண்டு வை. அந்த வயல்ல நமக்குப் பெரிய துண்டு, நாவற்குடாவுக்குச் சின்னத் துண்டு. எது எவ்வளவெண்டு வரம்பு காட்டுறதுதான் மாஸ்க். வேர்ஷன் வன் வரம்பச் சொல்லாது. வட்டையிட பேர மட்டும் சொல்லும்."

"அப்ப என்ன நடக்கும் அண்ணே?"

"நாவற்குடா 'பத்து என்னட்ட இரிக்கி' எண்டும். நம்மட ரவுட்டர் 'அது என்னட்டயல்லோ இரிக்கி' எண்டு கணக்கெடுக்காது. அங்கயும் அப்படித்தான். ரெண்டும் சாகும்வரைக்கும் இப்படியே இரிக்கும்."

"வழியே இல்லையா?"

"இரிக்கி. வேர்ஷன் டூ. அது மாஸ்க்கையும் சேத்துச் சொல்லும்."

வழி இருக்கிறது என்று அவர் வாயால் நாங்கள் கேட்டது அதுவே முதல் தடவை. மேனேஜர் உணர்ச்சிவசப்பட்டுத் தன் தேத்தண்ணியை அவருக்குக் கொடுத்தார்.

இங்குள்ள ரவுட்டரை வேர்ஷன் டூவுக்கு மாற்றிவிட்டு, மற்றதை மாற்ற மோட்டார்சைக்கிளில் நாவற்குடாவுக்குப் போனார். அங்கிருந்து அழைத்தார்.

"வருதா புள்ள?" குரலில் ஏதோ ஒரு இளக்கம். கிட்டத்தட்டச் சந்தோஷம்.

"இல்ல அண்ணே."

மனிதர் வாழ்க்கையில் ஒருமுறை நம்பிப் பார்த்தார். அதற்கும் இதுதான் கிடைத்தது.

வேறு வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்து முன்பதிவுகளைத் தொலைபேசியில் வாசிக்கத் தொடங்கினார். நான் எழுதினேன்.

"பன்னிரண்டாம் அறை. புருசன், பெண்சாதி, மூணு புள்ளைகள். பாவம், எந்த நம்பிக்கையில வாறாங்களோ. பதினைஞ்சாம் அறை. கடல் தெரியவேணுமாம். தெரிஞ்சு என்ன செய்யப்போறாங்க?"

பதினெட்டாம் அறைக்கு வந்ததும் வாசிப்பு நின்றது.

"புள்ள, வேர்ஷன் டூவும் சும்மா விட்டா, நடுவில இரிக்கிற லைனுக்கு வேற இலக்கம், அதுக்குள்ள போகேக்க எல்லாத் துண்டையும் சுருக்கி முழுப் பத்தெண்டுதான் சொல்லும். சுருக்காத எண்டு நாமதான் சொல்லவேணும். நான் சொல்லல்ல."

அங்குள்ள ரவுட்டருக்கு அவர் சொன்னார். இங்கே, அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லச்சொல்ல நான் தட்டினேன். சற்றுப் பொறுத்து முன்பதிவுகள் திரையில் மளமளவென்று இறங்கின.

"வருது அண்ணே!" என்று கத்தினேன்.

"வரும். கொஞ்ச நாளைக்கு."

கல்யாணக் கூட்டம் அவரவர் அறையில் நிம்மதியாகத் தூங்கிப் போனது. அண்ணன் சொன்னதும் பலித்தது. சில மாதங்களில் முதலாளி நாவற்குடா அலுவலகத்தை மூடி, முன்பதிவை வெளியார் ஒருவரின் இணையத்தளத்துக்கு மாற்றிவிட்டார். ரவுட்டர்களுக்குப் பேச ஆளில்லை. அவருக்கு வேலையும் இல்லை. கதிரவெளியில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். போகும்போது மேனேஜர் "நல்லாயிரு தம்பி" என்றதற்கு, "பாப்பம்" என்றார்.

போன கிழமை ஒரு காரணமும் இல்லாமல் அவரை அழைத்தேன்.

"என்ன பழுதாப்போச்சு?"

"ஒண்டுமில்ல அண்ணே. சும்மாதான் எடுத்தன்."

சும்மா வருகிற அழைப்பு மனிதருக்குப் பழக்கமில்லாத சரக்கு. பிறகு, தயங்கித் தயங்கி ஒரு குரல்:

"சாப்பிட்டியா புள்ள?"