வலமாகப் பறக்கும் விமானம்

உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைச் சொன்னாலும், இடையிலுள்ள தூரத்தை உடனடியாகவும் பிழையாகவும் சொல்லக்கூடிய ஒரே மனிதர் இலங்கையில், மானிப்பாயில்தான் இருக்கிறார். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் அவர் மைல் மாமா. சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். விமானத்தில் ஏறியதில்லை. ஒரு மணி நேரத்தில் கொடிகாமம் போகும் பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பவர்.

தூரம் அளக்க அவர் இரவல் வாங்குவது என்னுடைய உலக உருண்டையை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அந்த உருண்டை புவியியலுக்கு எனக்குக் கிடைத்த பரிசு. பூமாலை கட்டும் நூலை அதன்மேல் பிடித்து, பிறகு அடிமட்டத்தில் வைத்து அங்குலம் பார்ப்பார். அதுவரை சரி. ஆனால் கோயில் வீதியைச் சுற்றுவதுபோல, விமானமும் உலகத்தை வலமாகத்தான், அதாவது மேற்கு நோக்கியே, சுற்றும் என்பது அவர் கொள்கை.

"அப்ப திரும்பி வாறது எப்பிடி மாமா?"

"மிச்ச வலத்தையும் சுத்தி வரும். இடமாய்ச் சுத்திறது ஆர் பிள்ளை?"

மூன்று தரம் விளக்கினேன். நாலாம் தரம் சைக்கிள் பம்பை என் கையில் தந்து, காற்றடிக்கச் சொன்னார்.

இப்படியிருக்க, மானிப்பாயிலேயே இருக்கும் என் பெரியம்மாவுக்கு மெல்பேணில் ஒரு மகள். அந்த அக்காவுக்கும் ரொறன்ரோவிலிருக்கும் ஒரு மாப்பிள்ளைக்கும் கலியாணம் பேசினார்கள். சாதகம் பொருந்தியது. இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்தும் போயிற்று. எந்த ஊரில் தாலி கட்டுவது என்பதில்தான் முட்டுப்பட்டது.

"மாப்பிள்ளை வாறதுதான் முறை. எங்கடை பிள்ளை ஏன் தேடிப் போகோணும்?" என்றார் பெரியம்மா.

"அப்ப என்ரை பெடியன் ஒரு நாள் முழுக்கப் பறக்கிறதோ? உது சரிவராது. விடுவம்," என்றார் பக்கத்து ஒழுங்கையிலிருக்கும் மாப்பிள்ளையின் தாய்.

பெரியம்மாவும் விடுவம் என்றார். மெல்பேணில் அக்கா தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆருக்குத் தூரம் என்று கேட்டுவிட்டாவது கலியாணத்தை முறியுங்கள் என்று, இருவரையும் சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனேன்.

மைல் மாமா நூலை ரொறன்ரோவில் ஊன்றி வலமாக இழுத்தார். பசுபிக் கடலைத் தாண்டி மெல்பேண் வந்தது.

"மாப்பிள்ளைத் தம்பிக்குக் கிட்ட," என்றார். பெரியம்மா முகம் மலர்ந்தது. "பிள்ளை போறதெண்டால் ஆபிரிக்காவையும் சுத்தோணும். தாலி கட்டுற நேரம் தலை சுத்திச் சத்திதான் எடுப்பா."

மாப்பிள்ளையின் தாய் எழுந்துவிட்டார். மாமா நூலை விடவில்லை. மெல்பேணிலிருந்து இன்னும் வலமாக இழுத்தவரின் விரல் சட்டென்று நின்றது. விரலுக்கடியில் இலங்கை.

"என்னத்துக்குச் சண்டை? தம்பி வாற வழியில பிள்ளையையும் ஏத்திக்கொண்டு வரட்டும். பாதையில நாங்கள் இருக்கிறம்தானே."

இருவரும் உருண்டையையே பார்த்தார்கள். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகத் தேவையில்லை.

"இதைத்தான் நானும் முதலே நினைச்சனான்," என்றார் பெரியம்மா.

கலியாணம் மானிப்பாயில் நடந்தது. அக்கா சிங்கப்பூர் வழியாக வந்தாள். மாப்பிள்ளை டோகா வழியாக, கிழக்கு நோக்கிப் பறந்து, அப்பட்டமாக இடமாக வந்திறங்கினார்.

மணவறைக்குப் பக்கத்தில் மைல் மாமா அவர் கையைப் பிடித்தார். புது வேட்டி, முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, வலமாத்தானே வந்தனீர்?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். புவியியலில் பரிசு வாங்கிய நான் முந்திக்கொண்டேன்.

"ஓம் மாமா. வலமாத்தான் வந்தவர்."