மச்சானைக் கொடுத்து ரக்மேன் வாங்கிய கதை

இந்த அக்டோபரில் என் மனைவியின் தம்பியை வேறு ஊருக்குத் தள்ளிவிடுவது என்று தீர்மானித்தேன்.

தவறாக நினைக்காதீர்கள். அக்டோபர், கையாலும் ஆடும் எங்கள் நாட்டுக் கால்பந்தான ஃபுட்டியில் கிளப்புகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் மாதம். யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கொடுப்பது என்று நாடே மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கும். நகரத்துப் பெரிய கிளப்புகளில் இதற்கென்று சம்பளத்துக்கு ஆள் உண்டு. கோதுமையை நம்பி நானூறு பேர் வாழும் எங்கள் விராபெல்லில் அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதனால் நான் செய்கிறேன்.

போன சீசனில் பதினாறு ஆட்டம் ஆடி ஒன்றில் ஜெயித்தோம். அதுவும் எதிரணியில் பாதிப் பேர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால். மாப்பிள்ளை அவர்களுடைய முக்கியமான கோல்காரன். இன்னொரு சீசன் இப்படிப் போனால் எங்களைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவதாக லீக்கிலிருந்து கடிதம் வந்திருந்தது. மிக மரியாதையான கடிதம். வைத்தியர் பேசுகிற மாதிரி இருந்தது.

எங்களுடைய வியாதி என்ன என்பது ஊரில் நாய்க்குட்டிக்கும் தெரியும். சரியான ரக்மேன் இல்லை. நடுவர் பந்தைத் தரையில் அறைந்து மேலே எழுப்பியதும் எகிறி நம் பக்கம் தட்டிவிட ஒரு நெட்டை மனிதன் வேண்டும். எங்கள் ரக்மேன் என் காதுவரை வருவான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, டாராபூல் கிளப்பில் ஹேமிஷ் என்று ஒருவன் இருக்கிறான். ஆறடி எட்டங்குலம். எந்த வீட்டுக்குள் போனாலும் வாசலில் கும்பிடு போடுவதுபோல் குனிந்துதான் நுழைவான்.

அவனை வாங்கவேண்டும். அவனுக்கு ஈடாக ரோட்னியைக் கொடுக்கவேண்டும்.

ரோட்னி என் மச்சான். முப்பத்தேழு வயது. பதினெட்டு வருடமாக எங்கள் கடைசி வரிசைக் காவல்காரன். பந்து வந்தால் ஓடுவான் என்று சொல்ல முடியாது. பந்து வந்து போன தகவல் கிடைத்தபின் புறப்படுவான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டுத்தொடை ரோஸ்ட் அடுப்பை விட்டு இறங்கும்போது அவன் வேகம் வேறு. மேசையில் என் நாற்காலிக்கு அவன் எனக்கு முன்பே வந்து சேர்ந்துவிடுவான். டாராபூலுக்குப் போய்விட்டால் அங்கே யாராவது அவனுக்கு ரோஸ்ட் போடட்டும். இந்த இரண்டாவது காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபது வருடம் நகரத்தில் இருந்துவிட்டு ஆறு வருடத்துக்கு முன் ஊர் திரும்பியவன். ஆட வயதில்லை. அதனால் கிளப் என்னைக் கோல் நடுவராக்கியது. வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, இரண்டு கொடி. கம்பங்களுக்குப் பின்னால் நின்று, பந்து நடுவில் போனால் இரண்டு கொடி அசைப்பேன். ஓரத்தில் போனால் ஒன்று. இது என்ன பெரிய வேலை என்று கேட்காதீர்கள். வீட்டில் நான் இரண்டு கையையும் தூக்கி அசைத்தாலும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மைதானத்தில் நான் கொடியை அசைத்தால் எல்லைக் கோட்டைச் சுற்றி நிற்கும் எழுபது கார்களும் ஒரே நேரத்தில் ஹார்ன் அடிக்கும். உலகத்தில் நான் சொன்னதே முடிவு என்று இருக்கும் ஒரே இடம் அந்தக் கம்பங்களுக்கு நடுவே உள்ள ஆறரை மீட்டர். வாரத்துக்கு ஒருமுறை அந்த வெள்ளைக் கோட்டுக்கு நானே இஸ்திரி போடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி நரெல் கிளப்பின் செயலாளர். கேண்டீனும் அவள் பொறுப்பு. ஆட்டக்காரர் ஒருவர் கிளப் மாறவேண்டுமானால் இரண்டு கிளப் செயலாளர்களும் சம்மதிக்கவேண்டும். ஆகவே ரோட்னியைத் தள்ளுவதற்கு ரோட்னியின் அக்காவின் கையெழுத்து வேண்டும். என் நிலைமை புரிகிறதல்லவா?

ஃபிரிட்ஜ் கதவில் காந்தங்களை வைத்து ஆட்டக்காரர் பட்டியலை அமைத்தேன். மேல் கதவு வைத்துக்கொள்பவர்கள். கீழ்க் கதவு கொடுத்துவிடுபவர்கள். நரெல் பால் எடுக்க வந்தாள்.

"இது யாரு?" என்றாள், கீழே தனியாக இருந்த பன்றிக் காந்தத்தைக் காட்டி.

"ரோட்னி."

"என் தம்பி பன்னியா?"

"கசாப்புக் கடையில குடுத்த காந்தம் நரெல். கைக்கு வந்தது அதான்."

"பல் டாக்டர் காந்தம் மேல சும்மாதானே இருக்கு."

"அது நான்."

"நீ ஆடறதே இல்லையே."

"நான் பட்டியலை முடிவு பண்றவன்."

அவள் பாலை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். லீக்கின் கடிதம், ஹேமிஷின் உயரம், கிளப்பின் எதிர்காலம், ரோட்னியின் முட்டி. அரைமணி நேரம் பேசினேன். ரோஸ்ட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை.

"அதாவது பன்னியைக் குடுத்து ஒட்டகச்சிவிங்கி வாங்கப் போற," என்றாள்.

"சுருக்கமா சொன்னா அப்படித்தான்."

"சரி."

இந்த இடத்தில் நான் உஷாராகியிருக்கவேண்டும். இருபத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் நரெல் முதல் தடவையே சரி என்று சொன்னது இரண்டு முறை. ஒன்று சர்ச்சில். இன்னொன்று, புதுப் படகை நானே கார்க் கூரை மேல் கட்டுகிறேன் என்று நான் சொன்னபோது. அந்தப் படகு இப்போதும் நெடுஞ்சாலையோர ஓடையில் கிடக்கிறது.

"ஆனா நாளைக்கு நான் அழுதாலோ அம்மா ஃபோன் பண்ணிக் கத்தினாலோ நீ பின்வாங்கிடுவ," என்றாள். "எழுத்துல வச்சிக்கலாம்."

எனக்கு இது பிடித்திருந்தது. பின்வாங்கப் போவது அவள்தான் என்பது என் கணக்கு. ஆகவே தீர்மானத்தை நானே எழுதினேன், நகரத்து ஆபீசில் கற்ற நடையில்: "கிளப்பின் நலனே முதன்மையானது. மாற்றிக்கொள்ளும் விஷயத்தில் குடும்ப உறவு கருத்தில் கொள்ளப்படமாட்டாது. யார் பெயர் வந்தாலும் அவரோ அவர் குடும்பத்தாரோ மறுப்புத் தெரிவிக்க உரிமை இல்லை." முதல் கையெழுத்து நான் போட்டேன். அவள் என் பேனாவை வாங்கி என் பெயருக்குக் கீழே கையெழுத்திட்டாள். பேனாவைத் திருப்பித் தரவில்லை.

சனிக்கிழமை காலை, இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் கோதுமைக் குதிர்களின் நிழலில் டாராபூல் தலைவர் லென் ட்ரெவினைச் சந்தித்தேன். அவரவர் யூட் வண்டியின், அதாவது பின்புறம் திறந்த சரக்குக் காரின், கதவில் சாய்ந்துகொண்டோம். இந்தப் பக்கத்தில் முக்கியமான பேச்செல்லாம் அப்படித்தான் நடக்கும். முதல் கால்மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு நான் ரோட்னியின் பெயரை எடுத்தேன். லென் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"ரோட்னியா? நிஜமாவா? எடுத்துக்கறேன்."

அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. நாம் தூக்கிப்போட வைத்திருக்கும் செருப்பை ஒருவன் இரண்டு கையாலும் வாங்கினால் சந்தேகம் வரத்தானே செய்யும்? முப்பத்தேழு வயது, ஓடமாட்டான் என்று நானே அவனைக் குறைத்துப் பேச ஆரம்பித்தேன்.

"அவன் ஓடினா என்ன, படுத்தா என்ன," என்றார் லென். "கைலீ வருவால்ல?"

கைலீ ரோட்னியின் மனைவி. அவள் எதற்கு என்று கேட்டேன்.

லென் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஃபுட்டி கிளப் என்று தனியாக ஒன்று கிடையாது. ஃபுட்டியும் நெட்பாலும் சேர்ந்ததுதான் கிளப். பெண்கள் நெட்பால் அணி இறங்கவில்லையென்றால் ஆண்கள் அணிக்கும் அனுமதி இல்லை. விராபெல் நெட்பால் அணிக்குக் கேப்டன் கைலீ. சிறுமிகள் அணியில் அவளுடைய இரண்டு பெண்கள். போதாததற்கு, மைதானத்துப் புல்லை வெட்டுவது ரோட்னியின் டிராக்டர். பீரைக் குளிர வைக்கும் டிரெயிலரும் ரோட்னியுடையது.

"ஒரு ஆளைக் குடுக்கறேன்னு நெனச்சியா கிளென்? நீ கிளப்பையே குடுக்கற."

நெட்பால் கோர்ட், நான் நிற்கும் கோல் கம்பங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஆறு வருடமாக அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். பின்னால் விசில் சத்தமும் கூச்சலும் கேட்கும். பெண்கள் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

ரோட்னியைத் தர முடியாது என்றேன். லென் வருத்தப்பட்டமாதிரி தெரியவில்லை. வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம், வீட்டில் பேசு என்றார். வண்டியில் ஏறப்போனவர் திரும்பி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உனக்கு என்ன வயசு?"

"நாப்பத்தெட்டு."

"முட்டி நல்லாருக்கா? ரெண்டு மணி நேரம் நிப்பியா?"

நிற்பேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. பேரம் பேசுபவனின் திடத்தை மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் பன்றிக் காந்தம் மேல் கதவுக்குப் போயிருந்தது. நரெல் வேலையை நிறுத்தாமல் என் கதை முழுவதையும் கேட்டாள். நெட்பால் என்று நான் ஆரம்பித்ததும், "ஓ, நம்ம ஊர்ல நெட்பால்கூட இருக்கா?" என்றாள். அதற்குமேல் குத்திக்காட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"அப்ப ரக்மேன் வேணாமா?"

"எங்கேருந்து வருவான், வானத்துலேருந்தா?"

"டாராபூல்லேருந்துதான். ஹேமிஷ் பொண்டாட்டி டெஸ்ஸுக்கு நம்ம ஸ்கூல்ல வேலை கெடச்சிருக்கு. ஜனவரியில வீடு மாத்தறாங்க. அவ நெட்பால்ல கோல் போடறவ. லென் பொண்டாட்டி மோரீன் மூணு வாரம் முன்னாடியே எங்கிட்ட பேசிட்டா. அவதானே அங்க செயலாளர். ரெண்டு சின்ன சாமான் கேட்டாங்க. குடுத்துடலாம்னு சொல்லிட்டேன்."

என்ன சாமான் என்று கேட்டேன். வியாழக்கிழமை பொதுக்கூட்டத்தில் தெரியும் என்றாள். நான் விட்டுவிட்டேன். ரக்மேன் கிடைத்த சந்தோஷத்தில் மனிதனுக்குச் சாமானைப் பற்றி என்ன கவலை?

வியாழக்கிழமை மாலை கிளப் கூடத்தில் அறுபது பேர். ஹேமிஷ் வருகிறான் என்று நரெல் வாசித்ததும் கூடமே மேசையைத் தட்டியது. எங்கள் கிளப் தலைவர் என்னை எழுப்பி நிறுத்தி, இதற்கெல்லாம் காரணம் கிளென் என்றார். நான் மறுக்கவில்லை. எழுந்ததுதான் எழுந்தோம் என்று நான்கு வார்த்தை பேசவும் செய்தேன். கிளப்புக்காக எந்தத் தியாகமும் பெரிதில்லை என்றேன். நாம் உயிராக நினைப்பதைக்கூடக் கொடுக்கவேண்டி வரலாம் என்றேன். பின்வரிசையில் ரோட்னி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நான் உட்காரும்வரை காத்திருந்து நரெல் தொடர்ந்தாள். டாராபூலுக்கு நாம் கொடுப்பது, முதலாவதாக, கேண்டீனில் கறி அடைத்த மீட் பை சூடாக்கும் பழைய கண்ணாடிப் பெட்டி. இதற்குத்தான் அதிகக் கைதட்டல். அந்தப் பெட்டியில் வைத்தால் மீட் பை வெளியே தீயும், உள்ளே ஐஸாக இருக்கும். மூன்று வருடமாக நரெல் அதை ஒழிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் தட்டினேன்.

"ரெண்டாவது, டாராபூல் கோல் நடுவருக்கு முட்டியில ஆபரேஷன். கொடி பிடிக்க அங்க ஆள் இல்ல. அதனால அடுத்த சீசன் முழுசும் நம்ம கிளென் அங்க போறார்."

நான் எழுந்தேன். அவள் ஒரு காகிதத்தை எடுத்தாள். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? யார் பெயர் வந்தாலும் மறுப்புத் தெரிவிக்க உரிமை இல்லை என்ற வரியை அவள் நிதானமாக, இரண்டு முறை வாசித்தாள். நான் உட்கார்ந்தேன்.

அவள் தன் இடத்துக்கு வரும்போது அடிக்குரலில் கேட்டேன். "புருஷனைக் குடுக்க உனக்கு எப்படி நரெல் மனசு வந்தது?"

"தம்பியைக் குடுக்க உனக்கு வந்த மாதிரிதான்."

கூட்டம் கலைந்தது. ரோட்னி என்னைக் கட்டிக்கொண்டான். "உன்னைக் குடுக்க மனசே இல்ல மச்சான். ஆனா ஆறடி எட்டங்குலமாச்சே." பிறகு, வெள்ளைக் கோட்டு கிளப்புடையது, அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று நினைவூட்டினான். அடுத்த சீசனில் அவன் ஆடப்போவதில்லையாம். முட்டி ஒத்துழைக்கவில்லை. கொடி பிடிக்க அவனைக் கேட்டிருக்கிறார்கள்.

எல்லோரும் போனபின் நரெல் கோப்பைகளைக் கழுவினாள். நான் துடைத்தேன். யோசித்துப் பார்த்தால் இதிலும் ஒரு கௌரவம் இருக்கிறது என்று தோன்றியது. இந்த லீக்கிலேயே மிக உயரமான ரக்மேன். அவனுக்கு ஈடாக ஒரு கிளப் என்னை ஏற்றுக்கொண்டிருக்கிறது. சந்தையில் என் மதிப்பு அதுதானே? அதை நரெல்லிடம் சொன்னேன்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கூட்டக் குறிப்பேட்டை என் பக்கம் திருப்பிவைத்தாள்.

"ஹேமிஷுக்கு ஈடு: மீட் பை பெட்டி, ஒன்று. கொசுறு: கிளென்."